அவசரம் லேது

"பேரு லேதண்டி."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மோனிகா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் மூன்றாவது முறையாக இதைச் சொன்னாள்.

"என் பேரு எதுக்கும்மா? நானா படிக்கப் போறேன்? பொண்ணு பேரைப் பாரு" என்றார் சம்பத்.

"பொண்ணு பேருதான் நைனா இல்லையாம்" என்றாள் மகள் ஹர்ஷினி. "ஹாஸ்டல் லிஸ்ட்ல நான் இல்ல. கேன்சல்னு காட்டுதாம்."

சம்பத் கையிலிருந்த பக்கெட்டைக் கீழே வைத்தார். புது பக்கெட். உள்ளே குவளை, சோப்பு டப்பா, கொசுவலை, தலையணை. திருப்பதியில் இந்த நர்சிங் கல்லூரியில் ஹர்ஷினிக்கு இடம் கிடைத்த அன்றே ஹாஸ்டலுக்கும் எழுதிக் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம். இன்றைக்குச் சனிக்கிழமை. முதலாண்டுப் பிள்ளைகள் எல்லோரும் எங்கே தங்கப் போகிறோம் என்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு ஃபாரத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கட்டில் எண்ணை வாங்கிக்கொண்டு, கொசுவலையைக் கட்டிவிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று வந்திருந்தார்.

"யாரு கேன்சல் பண்ணது?"

மோனிகா கம்ப்யூட்டரைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"வீட்லருந்து சொன்னதா எழுதியிருக்குதாம்" என்றாள் ஹர்ஷினி. "ஹாஸ்டல் சீட்டெல்லாம் பாஸ்கர் சார்தான் பாக்கறாராம். அவரு இன்னிக்கு நாலு மணிக்குத்தான் வருவாராம்."

"வீட்லருந்து யாரு சொல்லப்போறா? வீட்ல இருக்கறதே நீயும் நானும்தான்."

ஹர்ஷினி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "நைனா, இருவது நாள் முன்ன ஒரு போன் வந்துச்சே. நீ துன்னுக்கினு இருந்த. நான் பேசறேன் குடுன்னு கேட்டேன். நீ குடுக்கல."

சம்பத்துக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் மட்டுமல்ல, பெருமையும் வந்தது. "ஆமா. ஹாஸ்டல் அவசரமான்னு கேட்டாரு. அவசரம் லேதண்டி, நிதானம்கா பெட் பெட்டண்டி, மெதுவா பெட் போடுங்கன்னு மரியாதையா சொன்னேனே. நல்லாத்தானே பேசினேன்?"

"தெலுங்குல அவசரம்னா தேவை நைனா. ஹாஸ்டல் தேவையான்னு கேட்டிருக்காரு."

சம்பத் பக்கெட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு வயது நாற்பத்தேழு. சொந்த ஊர் செய்யாறு. மூன்று வருடமாக ஸ்ரீசிட்டியில் ஃப்ரிட்ஜ் கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வீடு புத்தூரில். புத்தூரில் கத்தரிக்காய் வாங்குவது முதல் காது குத்துவது வரை தமிழிலேயே முடித்துக்கொள்ளலாம். ஆகவே மூன்று வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட தெலுங்கு, ஒரு தமிழ் வார்த்தையைப் பிடித்து அதன் வாலில் ஓர் ‘அண்டி’யைக் கட்டி அனுப்பிவிடுவதுதான். அது போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஹர்ஷினியோ புத்தூரிலேயே இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்தவள். தெலுங்கில் சண்டையே போடுவாள். ஆனாலும் பெற்றவன் இருக்கும்போது பிள்ளை பேசுவதாவது?

மனைவி கன்னிகா வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சனிக்கிழமை சாயங்காலம் வருவாள், திங்கட்கிழமை விடியலில் போய்விடுவாள். ஹாஸ்டல் என்பது அவள் போட்ட சட்டம். "தினம் மூணு மணி நேரம் பஸ்ல போய்க்கினு வந்துக்கினு இருந்தா, காலைல ஏழு மணிக்கு வார்டுல நிக்க முடியாது. நான் நர்ஸு, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். கன்னிகா தெரியும் என்று சொன்ன பிறகு அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவேண்டிய தேவை இருந்ததில்லை.

மற்ற ஐந்து இரவும் வீட்டில் அப்பனும் மகளும்தான். மின்சாரம் போகும் இரவுகளில் சம்பத், "ஹர்ஷினி, பயமா இருக்குதாம்மா?" என்று கேட்பார். உள் அறையிலிருந்து "இல்ல நைனா" என்று தூக்கக் குரல் வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்பார். மூன்றாவது முறை கேட்கும்போது அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் விரித்துப் படுப்பாள். ஒரே பிள்ளை, செல்லமாக வளர்ந்தது, இருட்டென்றால் ஆகாது என்று கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் சம்பத்.

அப்பேர்ப்பட்ட பிள்ளைக்கு இருந்த ஒரே பாதுகாப்பான கட்டிலைத்தான் ரசம் சோற்றுக்கும் மோருக்கும் நடுவே அவர் தொலைத்திருக்கிறார்.

"உங்கம்மாவுக்கு இது தெரியவேணாம்" என்றார்.

"சரி நைனா."

"வெளிய எத்தனையோ ஹாஸ்டல் இருக்குது. நாலு மணிக்குள்ள ஒண்ணு பாத்துடலாம். இனிமே ஒரு வார்த்தை விடாம காதுல வாங்கிக்கறேன்."

கல்லூரிக்குப் பின்தெருவிலேயே மூன்று மாடிக் கட்டிடம் ஒன்று இருந்தது. மாணவிகளுக்கு மட்டும். நடத்துகிறவர் ரமணா. நெற்றி நிறைய நாமம், வாய் நிறையச் சிரிப்பு. நான்கு பேர் அறையில் ஒரே ஒரு கட்டில் பாக்கி இருக்கிறது என்று அழைத்துப்போய்க் காட்டினார். அறை சுத்தமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரிந்தது. சம்பத் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை ஆறு தடவை போட்டு எடுத்தார்.

"மஞ்சி ரூம் சார். நீள்ளு உன்னாயி, வைஃபை உந்தி. ஏமீ பயம் லேது" என்றார் ரமணா.

சம்பத்தின் காது நிமிர்ந்தது. மகளைத் தனியாக இழுத்தார்.

"பயம் இல்லன்னு இந்தாளு ஏன் தானா சொல்றான்? நான் கேக்கவே இல்லயே."

"சும்மா சொல்லுவாங்க நைனா."

"சும்மா யாரும் சொல்லமாட்டாங்க." அவர் ரமணாவிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "ராத்ரி? ராத்ரி எவரு வஸ்தாரண்டி?" என்று, இரவில் யார் வருவார்கள் என்பதைக் கேட்டார்.

ரமணா விழுந்து விழுந்து சிரித்தார். "ராத்ரி எவரு வஸ்தாரு சார்? பில்லி ஒகட்டி வஸ்துந்தி, அந்தே."

சம்பத்தின் கையிலிருந்த பக்கெட் உருண்டது. குவளை தனியாக உருண்டது.

"ஹர்ஷினி, பில்லின்னாரு."

"ஆமா நைனா."

"வருதுன்னாரு."

"ஆமா, ஒண்ணு வருதாம்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து ரமணா சமாதானப்படுத்த முன்வந்தார். "பயபடகண்டி சார். மா வண்டமனிஷி ரோஜூ பில்லிகி அன்னம் பெடுதுந்தி. ஏமீ சேயது."

"வண்டமனிஷின்னா யாரு?" என்றார் சம்பத், உதடு அசையாமல்.

"சமையக்காரம்மா நைனா."

மற்ற வார்த்தைகளுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. சமையற்காரி. தினமும். பில்லி. அன்னம். பெடுதுந்தி, வைக்கிறாளாம். செய்யாற்றில் அவருடைய சித்தப்பா ஒருவருக்கு யாரோ பில்லி வைத்து, மனிதர் வைக்கோல் போரின் மேல் ஏறி உட்கார்ந்து மூன்று நாள் இறங்காமல் இருந்ததைச் சின்ன வயதில் பார்த்தவர் அவர். அதுவாவது யாரோ ஒரு விரோதி ரகசியமாக வைத்தது. இங்கே சம்பளம் கொடுத்து ஆள் போட்டு, சோற்றிலேயே கலந்து பரிமாறுகிறார்கள். அதையும் வசதிகளோடு சேர்த்துச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

"மஞ்சிதி, மஞ்சிதி" என்று ரமணாவைக் கும்பிட்டுக்கொண்டே பின்பக்கமாகப் படியிறங்கினார். படி முடிந்ததும் தெருமுனை வரை நிற்கவில்லை.

அங்கே ஓர் ஆட்டோ கிடைத்தது. ஓட்டுநர் நாகலாபுரத்துக்காரர், தமிழ் பேசினார். சம்பத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கொர்லகுண்டா தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை. முன்னால் குனிந்து, "உங்க ஊர்ல ஹாஸ்டல்லயே பில்லி வெக்கறாங்களாமே?" என்றார்.

"வெக்கறாங்களா? அது தானா வரும் சார்" என்றார் ஓட்டுநர். "எங்க வீட்ல ரெண்டு இருக்குது. ஒண்ணு குட்டி போட்டிருக்குது."

சம்பத் பின்னால் சரிந்து உட்கார்ந்தார்.

"பில்லின்னா பூனை சார் தெலுங்குல. நீங்க எதை நெனச்சீங்க?"

சம்பத் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி மகளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் நைனா."

"ஏன் சொல்லல?"

"நீ பில்லியான்னு கேட்ட, ஆமான்னேன். பூனையான்னு கேட்டிருந்தா அதுக்கும் ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்."

இதில் ஏதோ தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றியது. எங்கே என்று பிடிபடுவதற்குள் ஆட்டோவைத் திருப்பச் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பிப் போனபோது, பலமனேரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கட்டில் போயிருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா, மலை தெரியும் ஜன்னலில் கொசுவலை கட்டிக்கொண்டிருந்தார். வாசற்படியில் சாம்பல் நிறப் பூனை ஒன்று படுத்திருந்தது. சம்பத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"இனிமே நான் வாயே தெறக்கப் போறதில்ல" என்றார் மகளிடம். "நீ கேளு. நீ கேட்டு, நீ எனக்குத் தமிழ்ல சொல்லு."

"சரி நைனா" என்றாள் ஹர்ஷினி. காலையிலிருந்து அவள் இவ்வளவு உற்சாகமாக எதற்கும் தலையாட்டவில்லை.

அடுத்தது பைராகிபட்டெடாவில். ஓட்டுநர் காட்டிய இடம். நடத்துகிற அம்மாள் பருத்த உடம்புக்காரி, தலை நிறைய மல்லிகை. வந்ததும் இருவருக்கும் மோர் கொடுத்தாள். பிறகு மாடியைக் காட்டி, படியைக் காட்டி, தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, கைகளை விரித்தும் மடக்கியும் சிரித்துச் சிரித்து ஐந்து நிமிடம் பேசினாள். சம்பத் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்னா சொல்றாங்க?"

"மொட்டைமாடில ராத்திரி யாரோ நடக்கற சத்தம் கேக்குமாம் நைனா."

"அவ்ளோதானா? அஞ்சு நிமிஷம் பேசினாங்களே."

"கொலுசு சத்தமாம். அதை எப்படிச் சொல்றதுன்னு சுத்தி வளைச்சி சொன்னாங்க."

சம்பத் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "சிரிச்சிக்கினே சொல்றாங்களே?"

"அவங்களுக்குப் பழகிப்போச்சாம்."

இவர் முகம் மாறியதைப் பார்த்து அந்த அம்மாள் எழுந்து வந்தாள். மாடியில் நின்ற பிள்ளைகளைக் காட்டி, நெஞ்சில் கையை வைத்து, "மா அம்மாயிலந்தரூ பங்காரமண்டி, பங்காரம்" என்றாள்.

பங்காரம் அவருக்குத் தெரியும். புத்தூர் நகைக்கடைப் பலகையில் மூன்று வருடமாகப் பார்க்கிறார்.

"பங்காரம்னா தங்கம்தானே?"

"ஆமா நைனா" என்றாள் ஹர்ஷினி. ஒரு நொடி யோசித்தாள். "தங்கக் கொலுசாம்."

சம்பத் மறுபடியும் டம்ளரை எடுத்தார். மிச்ச மோரை ஒரே மடக்கில் குடித்தார். மோர் கொடுத்தவளை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் வரவில்லை. பக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல் வாசல் வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது கன்னிகா போன் செய்தாள்.

"பெட் கிடைச்சுதா?"

"கிடைச்சிக்கினே இருக்குது."

"அது என்னாது கிடைச்சிக்கினே இருக்குது?"

"லைன்ல நிக்கறோம். நம்பர் போட்டுக்கினு இருக்காங்க."

"நான் ஆறு மணிக்குப் புத்தூர் வந்துடுவேன். வரும்போது எனக்குப் பெட் நம்பர் வந்திருக்கணும். இல்லன்னா இந்த வருஷம் பணம் கட்டினதே வீண். பஸ்ல அலைஞ்சி ரெண்டு மாசத்துல பொண்ணு படிப்பு வேணாம்னு வந்து நிப்பா, அப்புறம் நீங்கதான் பதில் சொல்லணும்."

போனை வைத்த பிறகு சம்பத்துக்குச் சோறு இறங்கவில்லை. மகளின் படிப்பு ஒரு கட்டிலில் தொங்குகிறது. அந்தக் கட்டிலை வேண்டாம் என்று சொன்னது இந்த வாய்தான். ஒரு கட்டிலை வேறு பூனைக்குப் பயந்து விட்டாயிற்று. அதற்கும் கீழே, மனதின் அடியில், இன்னொன்று கிடந்தது. கட்டில் கிடைத்துவிட்டால் திங்கட்கிழமை ராத்திரி புத்தூர் வீட்டில் யார் இருப்பார்கள்? இவர் இருப்பார். வேறு யார் இருப்பார்கள்? அந்த இடத்துக்கு நினைப்பு வந்தபோதெல்லாம் அவர் அவசரமாக ஒரு அப்பளத்தை நொறுக்கினார். மூன்று அப்பளம் தீர்ந்தது.

"துன்னு நைனா" என்றாள் ஹர்ஷினி, தன் அப்பளத்தையும் அவர் இலையில் வைத்து.

மெஸ்காரரிடம் விசாரித்ததில் மேரி டீச்சர் வீடு தெரியவந்தது. சித்தூர்க்காரர். பாட்டன் காலத்திலிருந்தே அங்கே மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, திருப்பதியில் தன் வீட்டு மாடியில் ஆறு பெண் பிள்ளைகளைத் தங்கவைத்து, தானே சமைத்துப் போடுகிறார். ஒரு இடம் காலி. எல்லாவற்றுக்கும் மேலே, தமிழ்.

"பாத்தியா" என்றார் சம்பத். "இங்க ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்."

ஹர்ஷினியின் முகம் சற்று வாடியிருந்தது. வெயில், என்று நினைத்துக்கொண்டார்.

மேரி டீச்சர் மெலிந்த உருவம். வெள்ளைப் புடவை, மூக்குக் கண்ணாடி. "வாங்க தம்பி, உக்காருங்க. பாப்பா, மேல போய் ரூமைப் பாத்துட்டு வா" என்றார். ஹர்ஷினி போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். சம்பத் போய் நிதானமாகப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. ஜன்னலில் தடித்த கம்பி. மொட்டைமாடிக்குப் பூட்டு. பூட்டை இழுத்தும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. இறங்கி வந்தபோது வீடு முழுக்க ஸ்டூ வாசம் அடித்தது.

"ஒரு சட்டம் உண்டு தம்பி" என்றார் மேரி டீச்சர். "ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லா போனும் இந்தக் கூடைக்கு வந்துடணும். காலைல ஜெபம் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுவேன்."

சம்பத் கூடையை எட்டிப் பார்த்தார்.

"ஒன்பதுக்கு மேல போனே கிடையாதாம்மா?"

"கிடையாது."

"ஒரே ஒரு போன். பத்து மணிக்கு. இல்ல, பத்தரைக்கு. தினமும் வேணாம். கரண்ட் போனா மட்டும்."

"இங்க கரண்ட் போனா இன்வெர்ட்டர் இருக்குது."

"இங்க இல்லம்மா. புத்தூர்ல போனா."

மேரி டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "புத்தூர்ல கரண்ட் போனா திருப்பதில இருக்கற பிள்ளைக்கு எதுக்கு போன்?"

"பிள்ளை பயப்படும்."

"புத்தூர்ல இருட்டானா, இங்க லைட்டுல உக்காந்துக்கினு இருக்கற பிள்ளை பயப்படுமா?"

"நெனச்சி நெனச்சிப் பயப்படும்மா" என்றார் சம்பத், வேறு வழி தெரியாமல். "ரொம்ப இளகின மனசு. ராத்திரி தனியா இருக்காது."

டீச்சர் ஹர்ஷினியைப் பார்த்தார். "அப்படியா பாப்பா?"

இப்போது இவள் ‘இல்ல’ என்று சொன்னால் தன் மானம் போயிற்று என்று சம்பத் கண்களை மூடிக்கொண்டார்.

"ஆமா ஆன்ட்டி" என்று கேட்டது ஹர்ஷினியின் குரல். "ராத்திரி தனியா விட்டா தூக்கமே வராது. பக்கத்துல ஆள் வேணும்."

சம்பத் கண்களைத் திறந்தார். அப்பன் விட்ட பொய்யைத் தன் தலையில் வாங்கிக்கொள்கிறதே பிள்ளை.

மேரி டீச்சர் நீண்ட மூச்சு விட்டார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. போன வருஷம் இதே மாதிரி ஒரு பிள்ளை வந்துச்சு. அது அழுவ, மத்ததுங்க அழுவ, நான் ஒரு மாசம் தூங்கல. எனக்கும் வயசாச்சு. பயந்துக்கற பிள்ளை வீட்லருந்து வர்றதுதான் நல்லது." எழுந்து வந்து ஹர்ஷினியின் தலையில் கையை வைத்தார். "இந்தப் பிள்ளைக்குள்ள இருக்கற பயத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே" என்று ஜெபித்தார். சம்பத் எந்தச் சாமிக்கும் விரோதி இல்லை. பக்கத்தில் நின்றவர் தன் தலையையும் கொஞ்சம் நீட்டிக்கொண்டார்.

வெளியே வந்தபோது மணி மூன்றே முக்கால்.

கல்லூரி வரை நடந்தே போனார்கள். சம்பத் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தார். காலையில் போன கட்டில் தெலுங்கால் போயிற்று, சரி. இந்தக் கட்டில் சுத்தமான தமிழில் போயிருக்கிறது. குறை பாஷையில் இல்லை. பிள்ளை இல்லாத வீட்டை நினைத்தபோது வாய் தானாகப் பேசிவிட்டது. இதை யாரிடம் சொல்வது? கம்பெனியில் நாற்பது பேரை மேய்க்கிற சூப்பர்வைசர், இருட்டுக்குப் பயந்து மகளின் படிப்பைக் கெடுத்தார் என்றால் ரப்பர் பட்டைகூட ஒட்டாது.

கல்லூரி வாசலில் நின்றார்.

"பாஸ்கர் சார் கால்ல விழுந்தாவது அந்தச் சீட்டைத் திருப்பி வாங்கிடறேன்."

ஹர்ஷினியின் நடை நின்றது. "நீ வேணாம் நைனா. நான் போய்ப் பேசறேன். நீ இங்கயே பக்கெட்டைப் பாத்துக்கினு இரு."

"இல்லம்மா. நான் பண்ண தப்பு, நான்தான் பேசணும்."

"உனக்குத் தெலுங்கு வராது நைனா."

"அழறதுக்கு எந்த பாஷையா இருந்தா என்னா?" என்றார் சம்பத். பக்கெட்டை மகள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கதவு மூடும்போது திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து ஒரு தடவைகூடப் பயப்படாத ஹர்ஷினி, இப்போது பக்கெட்டின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றாள். பாவம், கட்டில் கவலை.

பாஸ்கர் மேசையில் காகிதங்கள் மலை போல் குவிந்திருந்தன. சம்பத் கைகூப்பி, "க்ஷமிஞ்சண்டி சார், நேனு தப்பு பண்ணிஞ்சேனண்டி" என்று ஆரம்பித்தார்.

"தமிழ்லயே சொல்லுங்க சார். நான் நகரிக்காரன்."

அவ்வளவுதான். அணை உடைந்தது. போன் வந்தது, ரசம் சோறு, அவசரம், பூனை, தங்கக் கொலுசு, கூடையில் போன் எல்லாம் கொட்டித் தீர்த்தார். "என் வாய்க்கொழுப்பால பிள்ளை தெருவுல நிக்குது சார். நான் தேவையில்லன்னு சொன்னதை அழிச்சிட்டு ஒரு பெட் போட்டுக் குடுங்க."

பாஸ்கர் அவரை உற்றுப் பார்த்தார். "ஓ, அந்த போன் நீங்கதானா?"

"நான்தான் சார்."

"அன்னிக்கு நீங்க பேசினதுல எனக்கு ஒண்ணுமே புரியல சார். அவசரம் லேதுன்னீங்க. உடனே பெட் பெட்டண்டின்னீங்க. நடுவுல யாரையோ ரசம் ஊத்தச் சொன்னீங்க. வேணுங்கறாரா வேணாங்கறாரான்னு தெரியல, சரின்னு உங்க சீட்டை அப்படியே வெச்சிட்டேன்."

சம்பத் கூப்பிய கைகளை இறக்கினார். "அப்ப நான் கேன்சல் பண்ணலியா?"

"நீங்க பேசினதை வெச்சி யாராலும் எதையும் பண்ண முடியாது சார்."

"அப்ப யாரு சார்?" சம்பத் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "காலைலருந்து எவரும் எனக்கு நேரா ஒரு பதில் சொல்லல. நீங்களாவது சொல்லுங்க."

பாஸ்கர் குவியலிலிருந்து ஒரு காகிதத்தை உருவி, கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"மறுநாள் உங்க பொண்ணே வந்து எழுதிக் குடுத்துச்சு சார். கீழ உங்க கையெழுத்தும் இருக்குது, படிக்காம போட்டிருப்பீங்க. காரணம்ங்கற எடத்துல தெலுங்குல எழுதியிருக்குது, சொல்றேன் கேளுங்க: ‘அம்மா வெளியூரில் வேலை. வீட்டில் ஒரு பிள்ளை ராத்திரி தனியாகப் படுக்கப் பயப்படும். கரண்ட் போனால் கூப்பிடும். நான் இல்லாமல் முடியாது. ஹாஸ்டல் வேண்டாம், பஸ்ஸில் வந்துகொள்கிறேன்.’ பாவமா இருந்துச்சு, நானும் போட்டுக் குடுத்துட்டேன். ஆமா, அந்தப் பிள்ளைக்கு இப்ப என்னா வயசு சார்?"